கம்பும் கராத்தேயும்: காவிரிப் படுகையில் போர்க்கலை உடற்பயிற்சியான கதை

போர்க்கலை உடற்பயிற்சியாக மாறுவதற்கு அதற்குச் சோறிட்ட அரசு மறைவதும் ஒரு காரணமாகலாம் என்பதற்குத் தஞ்சாவூரும் ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒகினாவாவும் சான்று. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்; 1855-இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் மராத்திய அரசே முடிந்தது. ஒகினாவாவை ஆண்ட ரியூக்கியு அரசை 1879-இல் ஜப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரசு போனபின் கலை எங்கே ஒதுங்கியது என்பதில்தான் இரு நிலங்களும் வேறுபடுகின்றன.

ஒகினாவாவில் அது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. இட்டோசு அன்கோ என்ற ஆசான் 1901 முதல் மாணவர்களுக்குக் கராத்தே கற்பிக்கத் தொடங்கி, எதிரி முன்நிற்பதாகக் கொண்டு தனியே செய்யும் 'கத்தா' என்னும் அடவுத் தொடர்களில் பழையவற்றைச் சுருக்கிப் 'பினான்' எனும் ஐந்து தொடர்களை அமைத்ததால், பலரை வரிசையில் நிறுத்தி ஒரே ஆணைக்கு இயக்குவது எளிதாயிற்று. அவர் மாணவர் ஃபுனகோஷி 1922-இல் கலையைத் தோக்கியோவுக்குக் கொண்டுசென்று, ஜூடோவைப் பின்பற்றி 1924-இல் 'பிளாக் பெல்ட்' எனப்படும் கறுப்புப் பட்டையும் வழங்கினார்.

காவிரிப் படுகையிலோ, மூங்கில் கம்பைச் சுழற்றும் சிலம்பமும், வெறுங்கையால் ஆடுவதால் கராத்தேக்கு மிக நெருங்கிவரும் குத்துவரிசையும் பெரும்பாலும் களத்துமேட்டிலேயே நின்றன. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில் வாத்தியாரிடம் காலடி பழகுவதும், திருவிழாவில் ஆடிக்காட்டுவதுமே அவற்றின் போக்கு. அன்று பட்டையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. எனவே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீருடையோடும் படிநிலையோடும் வந்த கராத்தேயைப் பெற்றோர் ஒரு பாடமாகவே ஏற்க முடிந்தது. சீனா சென்றதாகச் சொல்லப்படும் பௌத்தத் துறவி போதிதர்மர் வழியே கராத்தே நம்மிடமிருந்து போனதென்ற பெருமிதத்துக்கு வலுவில்லை. அவரோடு உடற்பயிற்சியை இணைக்கும் சீன நூல் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய பதினேழாம் நூற்றாண்டினது.

மூச்சுத்திறன், சமநிலை, இடுப்பின் நெகிழ்வு ஆகியவற்றைக் கருவியேதுமின்றி வளர்ப்பது பள்ளிமுறைக் கராத்தேயின் நன்மை. தீங்கும் வரலாற்றிலிருந்தே வருகிறது: ஃபுனகோஷியின் மகன் யோஷிதாகா நிற்கும் நிலைகளைத் தாழ்த்தி உதைகளை உயர்த்தியபின் முழங்காலும் இடுப்பும் தாங்கும் சுமை கூடியது, களத்து மண்ணில் அல்லாமல் சிமெண்டுத் தரையில் பயிலும்போது அது மேலும் உறைக்கும். மூச்சை அடக்கி உடலை இறுக்கிச் 'சன்சின்' எனும் கத்தாவைச் செய்வது இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு ஆகாது. வளரும் சிறுவர் விரல்முட்டியைப் பலகையில் குத்தி இறுக்குவதும் வேண்டாத வேலை. பட்டைத் தேர்வின் அவசரத்தில் உடல் பழகுமுன் அடுத்த கத்தாவை மனப்பாடம் செய்வதோ, கலையின் குற்றமன்று, அதைப் பாடமாக்கியதன் விலை.

களத்துமேட்டில் நின்ற சிலம்பமும் இப்போது முறைப்படுத்தப்படும் அவ்வழியில் இறங்கியிருக்கிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.