வெள்ளரிக்காய்மீது விழுந்த பழி

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வட ஜெர்மனியில் மக்கள் பலர் கடும் வயிற்றுப்போக்கால் பீடிக்கப்பட்டனர். குருதி கலந்து கழிந்தது. நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. நோய் அடங்குமுன் ஏறக்குறைய 4,000 பேர் துன்புற்றனர். 50க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயே காரணம் என ஹாம்பர்க் நகர அதிகாரிகள் மே 26ஆம் நாள் அறிவித்தனர். அவ்வளவுதான்! ஸ்பெயினின் காய்கறிகளை வாங்குவாரில்லை. விளைந்தவை குப்பைக்குப் போயின. வெள்ளரியில் எ. கோலை என்னும் கிருமி இருந்தது மெய்யே. ஆயினும் நோயாளிகளிடம் கண்ட வகை அதுவன்று என்பது ஐந்தே நாளில் தெரிந்தது. முருகன் என்ற பெயருடையார் ஓர் ஊரில் எத்தனை பேர்! பெயரை மட்டும் வைத்து ஒருவனைப் பிடிக்கலாமோ? எ. கோலைக் குலத்தில் நம் குடலில் வாழும் சாதுக்களே மிகுதி, கொடியவை சிலவே.

அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? கிருமியின் டி.என்.ஏ. இழையில் நான்கே எழுத்துகள், 50 லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் நிரல்பட அமைந்துள்ளன. கிருமி பெருகும்போது இவ்விழை படியெடுக்கப்படுகிறது. எப்போதேனும் ஓரெழுத்து பிழைபடும். ஏட்டுச் சுவடிகளின் பிழைகளை ஒப்பிட்டு, எது எதனைப் பார்த்து எழுதியது என நம் பதிப்பாசிரியர்கள் உணர்ந்தனர் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

ஜூன் தொடக்கத்தில் ஹாம்பர்க் மருத்துவர்களும் சீனாவின் ஷென்சென் நகர ஆய்வாளரும் இணைந்து இக்கிருமியின் எழுத்துகளைப் படித்து, உலகறிய வெளியிட்டனர். பல நாட்டு அறிஞர்கள் கூலி கருதாது ஆராயலாயினர். குடற்சுவரில் அடையாய் ஒட்டும் ஒருவகைக் கிருமி, வைரஸ் ஒன்றின் வாயிலாக நச்சு மரபணுவைப் பெற்றிருந்தது கண்டனர். பெனிசிலின், செபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் மரபணுவோ பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருந்தது. இவ்வளையம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது. எனக்கு இதுவே பேரச்சம் தருகிறது.

ஆயினும் எழுத்து, உறவைக் காட்டுமேயன்றி முகவரியைக் காட்டாது. நோயுற்றோரை வினவியபோது, உணவின்மேல் தூவிய முளைப்பயிரைப் பலர் நினைவுகூரவில்லை. பின்னர் உணவுவிடுதிச் சமையற்காரர்களைக் கேட்டே உண்மை கண்டனர். கீழ்ச்சாக்சனிப் பண்ணை ஒன்றின் முளைகள் ஜூன் 10ஆம் நாள் காரணமெனச் சுட்டப்பட்டன. அம்மாத இறுதியில் பிரான்சின் போர்தோ நகருக்கருகே சிலர் நோயுற்றனர். அங்கும் முளைப்பயிரே, அங்கும் அதே கிருமியே. இரண்டையும் இணைத்தது, 2009இல் எகிப்திலிருந்து வந்த வெந்தயத் தொகுதி ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியம் அவ்விதைகளை அழிக்கப் பணித்தது. எகிப்து அரசு குற்றச்சாட்டை மறுத்தது. சோதித்த விதை எதிலும் அக்கிருமி அகப்படவேயில்லை.