கோட்டடியில் எரிந்த பெயர்கள்

நீதிமன்றத்தை அண்டிய இடத்தைக் 'கோட்டடி' என்பது நம்மவர் பேச்சுவழக்கு. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஓர் ஊருக்கே அப்படித்தான் பெயர்: அப்பொமட்டொக்ஸ் கோர்ட் ஹவுஸ். இந்தப் பெயரால் ஒரு மயக்கமும் உண்டு. 1865 ஏப்ரல் 9ஆம் திகதி தென்மாநிலங்களின் தளபதி ரொபர்ட் லீ, வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது அவ்வூர் நீதிமன்றக் கட்டடத்தில்தான் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை; கோடு பூட்டிக் கிடந்தது.

போர் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படாத அந்தக் கோட்டைப் பற்றியே நான் சொல்ல வருகிறேன்.

ரிச்மண்ட் - லிஞ்ச்பேர்க் பாதையில் குதிரை வண்டிகள் தரித்துச் செல்லும் குளோவர் ஹில் என்ற சிற்றூர் அது. 1845இல் அப்பொமட்டொக்ஸ் கவுண்டி உருவானபோது அதன் தலைமையிடமானது. 1846இல் நீதிமன்றம் எழுந்தது. அதைச் சுற்றிச் சட்டத்தரணிகளும் கடைகளும் விடுதியுமாக ஊர் வளர்ந்தது. ஆனால் 1854இல் வந்த ரயில் பாதை, ஏறத்தாழ 3 மைல் தள்ளிப் போனது. வியாபாரமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. 1892இல் நீதிமன்றம் எரிந்தது. அதைத் திரும்பக் கட்டாமல், தலைமையிடத்தை ரயில் நிலைய ஊருக்கே மாற்றிவிட்டார்கள். பழைய ஊர் பாழடைந்தது.

கட்டடம் போனது பெரிய காரியமில்லை. உள்ளே இருந்த பதிவேடுகளில் பெரும்பகுதி போனதுதான் பேரிழப்பு. போருக்கு முன் அக்கவுண்டியில் வாழ்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின அடிமைகள். 1850, 1860 குடிமதிப்புகளின் அடிமை அட்டவணைகளில் அவர்களது வயதும் பாலும் நிறமும் உண்டு, பெயர் இல்லை. பெயர் சொல்லி அவர்களை எழுதிய இடங்களில் முக்கியமானவை, எசமானர்களின் மரணசாசனங்களும் சொத்துப் பட்டியல்களும் உறுதிகளும்தான். மாட்டோடும் குதிரையோடும் சேர்த்து மனிதரை எழுதிய கொடுமையான ஏடுகள் அவை. ஆனாலும் இன்று தன் மூத்தப்பாவின் மூத்தப்பா யார், அவரை யார் யாருக்கு விற்றார் என்று தேடுகிற ஒருவருக்கு அந்த ஏடுகளை விட்டால் வேறு எங்கே போவது? விடுதலை பெற்றவர்கள் பொதுவாகப் பெயரோடு பதிவானது 1870 குடிமதிப்பில்தான். அதற்கு முந்திய தடங்கள் பல அந்த நெருப்போடு போயின.

தேசியப் பூங்காச் சேவை 1960களில் அந்த நீதிமன்றத்தைப் பழைய வடிவிலேயே மீளக் கட்டியது. இன்று அது வருவோருக்கான தகவல் நிலையம். செங்கல்லை அடுக்க முடிந்தது, பதிவேட்டை எழுத முடியவில்லை. வரிப் பட்டியல்கள் பிழைத்தன, அவற்றின் பிரதிகள் ரிச்மண்டுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்ததால்.

நம் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் கிடக்கும் பழைய நிக்காஹ் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கு இன்னோர் ஊரில் ஒரு பிரதி இருக்கிறதா?