மரச்சீனியும் எங்க ஆச்சியும்

போன மாசம் பெங்களூரில் ஒரு கேரளா ஓட்டலில் டீம் லஞ்ச். மெனு கார்டில் கப்பா - மீன் கறி விலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி போனில் ஆச்சியிடம் சொன்னேன். "காசு குடுத்தா மரச்சீனி தின்ன மக்களே?" என்றாள். ஆச்சி அதைக் கையால் தொட மாட்டாள். அவளுக்குப் பிடிக்காது போல என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல.

மற்ற ஜில்லாக்காரர்களுக்கு மரவள்ளி, எங்களுக்கு மரச்சீனி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. (தொட்டுக்கொள்ளும் காந்தாரி மிளகாயும் அதே பக்கத்து ஆசாமிதான்!) திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது தானே சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. பயந்ததிலும் தப்பில்லை. கிழங்கில் சயனைடாக மாறும் சரக்கு உண்டு. அதனால்தான் வேகவைத்த தண்ணியை எங்க ஊரில் வடித்துக் கொட்டுவார்கள்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல்காடு, திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம். மேற்கே கல்குளம், விளவங்கோடு போனால் மேடும் சரிவும் செம்மண்ணும். அங்கே நெல்லுக்கு இடம் குறைவு. மரச்சீனிக்கு அது போதும். கம்பை வெட்டி நட்டால் வந்துவிடும். பசிக்கும்போது ஒரு மூடு பிடுங்கினால் போதும், மிச்சம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். பிடுங்கிப் போட்டால்தான் ரெண்டு மூணு நாளில் கெட்டுப்போகும்.

நெற்களஞ்சியம் இருந்தும் திருவிதாங்கூருக்குச் சொந்த நெல் பத்தவில்லை. பர்மா அரிசியை நம்பித்தான் பிழைப்பு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்ததும் கப்பல் நின்றது. அரிசிக்கு ரேஷன் வந்தது. நம்ம ஜனங்களைக் காப்பாற்றியது மகாராஜாவின் கிழங்குதான். (அதே போர்தான் மலேயா ஜவ்வரிசியை நிறுத்தி, சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்க வைத்தது. அது தனிப்பதிவுக்கான விஷயம்.)

அப்போ ஆச்சிக்கு ஆறேழு வயசு. காலையில் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. சில நாள் தேங்காய்கூடக் கிடையாது, வெறும் உப்பு. "ஒரு நேரம் சோறு கண்டா அன்னைக்குத் திருவிழாதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க அம்மை அந்தக் கிழங்கையும் எங்களுக்கு வச்சிட்டு வெறும் வயித்தோட படுப்பா" என்றாள். இதை எனக்கு இதுவரை சொன்னதே இல்லை. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்கல.

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் மரச்சீனிக்கு இலையில் இடம் இல்லை. ஏத்தங்காய் உப்பேரி உண்டு, அவியல் உண்டு, எரிசேரி உண்டு. உயிரைக் காப்பாத்தின கிழங்குக்கு மட்டும் விருந்தாளி மரியாதை இல்லை. இன்றைக்கு விளவங்கோட்டுச் சரிவுகளில் பாதி ரப்பர் வேறு.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். தேங்காய், சீரகம், காந்தாரி அரைத்துப் போட்டு மரச்சீனி மயக்கி, சாளைக்கறியும் வைக்கிறேன் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். ஆச்சிக்குத் தனியாகச் சோறு.