நீர்க்காகமும் வலையும்

யப்பானின் கிஃபு நகரில், நகரா ஆற்றிலே, ஆண்டுதோறும் மே 11 முதல் ஒக்டோபர் 15 வரை விந்தையானதொரு மீன்பிடி நிகழும். படகின் அணியத்தில் விறகுத்தீ எரிய, மீனவர் கயிற்றிற் பிணைத்த நீர்க்காகங்களை நீரில் விடுவர். கழுத்துக்கட்டு பெருமீனை விழுங்கவிடாது. சிறுமீன் பறவைக்கே உரியது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த இம்மரபினைத் தந்தையரிடமிருந்து மைந்தர் பெறுகின்றனர்; அரசமாளிகைப் பணியகம் அவர்களுக்குப் பதவியும் அளித்துள்ளது.

கொக்கிளாய்க் களப்பிலும் நீர்க்காகங்கள் உள. 1951இல் அக்களப்புச் சரணாலயமாயிற்று. ஆயின், 1984 டிசெம்பரில் தமிழ் மீனவர் ஊரினின்றும் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டனர். பறவைகட்குக் காவலாய் நின்ற சட்டம், வலைவீசிய கைகட்குக் காவலாகவில்லை. தொழின்மரபு நீரில் மட்டும் வாழ்வதன்று. அந்நீரை அறிந்த மக்களிடத்தே வாழ்வதாகும்.