பதிவேட்டில் ஒரு பெயர்
அறப்பணிச் சங்கங்களின் சட்டப் பதிவு: ஒரு வரலாற்று நோக்கு

ஆயர்ப்பணியில் இருக்கும் நம்மில் பலர், ஓர் ஆதரவற்றோர் இல்லத்தையோ, கிராம மருந்தகத்தையோ, கைத்தொழிற் பயிற்சி நிலையத்தையோ தொடங்க முயன்றபொழுது, எதிர்பாராத கேள்விகளைச் சந்தித்திருக்கிறோம். நிலம் கொடுக்க ஒருவர் முன்வருகிறார். 'யார் பெயருக்கு எழுதுவது?' என்று கேட்கிறார். வங்கியில் கணக்குத் தொடங்கச் செல்கிறோம்; 'பதிவு எண் உண்டா?' என்று வினவுகின்றனர். இவற்றை அலுவலகத் தொல்லைகள் என எண்ணி, அப்போதைக்கு ஆயர் பெயரிலோ செயலாளர் பெயரிலோ எழுதிவிட்டுப் பணியைத் தொடர்வது நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இக்கேள்விகள் திருச்சபையைப் போலவே பழமையானவை. ஒருவருக்கும் சொந்தமாகாத, பலரும் பொறுப்பேற்க வேண்டிய பொருளை எவ்வாறு காப்பது என்பதே அவற்றின் உட்பொருள். நம் நாட்டில் இதற்கு விடையாக அமைந்த சங்கப் பதிவுச் சட்டத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. ஆதித் திருச்சபையின் அனுபவம்

மூன்றாம் நூற்றாண்டில் அந்தியோகியாவின் பேராயராக இருந்த சமோசாத்தா பவுல், கி.பி. 268-இல் கூடிய சங்கத்தால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஆயினும் திருச்சபைக்குரிய வீட்டை விட்டு வெளியேற அவர் மறுத்துவிட்டார். கி.பி. 272-இல் பேரரசன் அவுரேலியன் அந்தியோகியாவைக் கைப்பற்றியபின், வழக்கு அவனிடம் சென்றது. இத்தாலியிலும் ரோமாபுரியிலும் உள்ள பேராயர்கள் எவரோடு கடிதத் தொடர்பு கொண்டுள்ளனரோ அவரிடமே வீட்டை ஒப்படைக்க வேண்டும் என அவன் தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். திருச்சபைச் சொத்து பற்றிய சண்டை புறமத மன்னன் முன் சென்ற தொடக்க கால நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. கோட்பாட்டுச் சண்டையாகத் தொடங்கியது, சாவி யார் கையில் என்ற சண்டையாக முடிந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

கி.பி. 313-இல் கொன்ஸ்தந்தீனும் லிசினியுவும் கிறிஸ்தவர்களுக்குச் சமய உரிமை அளித்தபொழுது, பறிக்கப்பட்ட சொத்துகளைத் திருப்பித் தரவும் கட்டளையிட்டனர். அக்கட்டளையில் குறிப்பிடத்தக்க ஒரு வேறுபாடு காணப்படுகிறது. அச்சொத்துகள் தனி மனிதர்களுக்கு அல்ல, கிறிஸ்தவர்களின் 'உடலுக்கு' உரியவை என அது கூறுகிறது. உரோமச் சட்டத்தில் 'உடல்' என்ற சொல் பலர் கூடி அமைத்த ஓர் அமைப்பைக் குறித்தது. பவுல் அப்போஸ்தலன் சபையைக் கிறிஸ்துவின் சரீரம் என்றார். அரசாங்கமோ அதே சபையைச் சட்டத்தின் பொருளில் ஓர் உடலாக ஏற்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல. எனினும், முதலாவதன் பணிக்கு இரண்டாவது தேவைப்படும் காலம் வந்துவிட்டது. கி.பி. 321-இல் மரண சாசனத்தின் மூலம் திருச்சபைக்குச் சொத்து எழுதிவைக்கவும் உரிமை கிடைத்தது.

2. சாசனமும் நம்பிக்கையும்

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், புராட்டஸ்டண்டு நற்செய்திப்பணிச் சங்கங்கள் இங்கிலாந்தில் தோன்றியபோது, இக்கேள்வி மீண்டும் எழுந்தது. 1701-இல் நிறுவப்பட்ட எஸ்.பி.ஜி. சங்கம் மூன்றாம் வில்லியம் மன்னரின் அரச சாசனத்தைப் பெற்றது. சாசனம் பெற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்'. உறுப்பினர் இறந்தாலும் அது இறப்பதில்லை. ஆனால் 1792-இல் பாப்திஸ்து மிஷனெரி சங்கத்தையும் 1795-இல் லண்டன் மிஷனெரி சங்கத்தையும் தொடங்கியவர்களுக்கு அத்தகைய சாசனம் இல்லை. அவர்கள் தாமாக முன்வந்து கூடியவர்கள்; ஒருவர் மற்றவர் மீது வைத்த நம்பிக்கையே அவர்களது மூலதனம்.

அந்நம்பிக்கை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேராம்பூரே சான்று. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் தம் உழைப்பால் ஈட்டிய வருவாயைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அப்பணிக்கே செலவிட்டனர். சங்கச் செயலாளர் ஆண்ட்ரூ புல்லர் உயிரோடிருந்த வரை சேராம்பூருக்கும் இங்கிலாந்திலிருந்த குழுவுக்கும் இடையே நட்பே ஆவணமாக இருந்தது. 1815-இல் புல்லர் மறைந்தார். சேராம்பூர்ச் சொத்துகள் யாருடைய ஆட்சிக்குரியவை, அறங்காவலர்களை நியமிப்பவர் யார் என்று புதிய தலைமுறையினர் கேட்டனர். கசப்பான கடிதங்கள் பல கடல் கடந்தன. 1827-இல் சேராம்பூர்ப் பணி தாய்ச் சங்கத்தினின்று பிரிந்தது. 1837-இல்தான் பிளவு நீங்கியது. அதற்குள் கேரி மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இருசாராருள் எவரும் பொருளாசை கொண்டவர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் துயரம். நல்லவர்களுக்கிடையேயும் ஆவணம் வேண்டும் என்பதை அவர்கள் காலங்கடந்து அறிந்தனர்.

பிரிவினை நேர்ந்த அதே 1827-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரடெரிக்கு சேராம்பூர்க் கல்லூரிக்கு அரச சாசனம் வழங்கினார். 1845-இல் சேராம்பூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் அச்சாசனத்தின் உரிமைகள் நிலைத்தன. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சேராம்பூர்க் கல்லூரிச் சட்டம் அவற்றை உறுதிப்படுத்தி விரிவாக்கியது. இன்று நம் மாணவர் பெறும் இறையியல் பட்டங்களின் அதிகாரம் இச்சாசனத்திலிருந்தே வருகிறது. மனிதரின் நட்பு முறிந்த ஆண்டில் எழுதப்பட்ட ஆவணம், அம்மனிதர் அனைவரும் மறைந்த பின்னும் பணியைத் தாங்கி நிற்கிறது.

நம் திருநெல்வேலியிலும் இதே நிலை இருந்தது. துன்புறுத்தப்பட்டு வீடிழந்த விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக இரேனியஸ் ஐயர் 1830-இல் 'தர்ம சங்கம்' கண்டார். பெயரும் நோக்கமும் காணிக்கையும் அதற்கு இருந்தன. ஆனால் அத்தகைய சங்கத்தைப் பதிவு செய்யத்தக்க சட்டம் அன்று இந்தியாவில் இல்லை. 1835-இல் இரேனியஸுக்கும் சி.எம்.எஸ். சங்கத்துக்கும் பிளவு நேர்ந்தபோது சபைகளும் உபதேசியார்களும் இரு பக்கமாகப் பிரிந்த வேதனையை அறிந்தவர்கள், ஒரு பணி எவ்வளவு தூரம் ஒரு மனிதரைச் சார்ந்திருக்கலாம் என்பதைச் சிந்திப்பார்கள்.

3. 1860-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம்

1854-இல் இங்கிலாந்தில் இலக்கிய, அறிவியல் நிறுவனங்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதை அடியொற்றி, இந்திய அரசு 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இலக்கிய, அறிவியல், அறப்பணிச் சங்கங்களின் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. மன்னரின் தயவால் மட்டும் பெறக்கூடியதாயிருந்த நன்மையில் ஒரு பகுதியை, ஏழு பேர் கூடி ஐம்பது ரூபாய் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ள இது வழி செய்தது. சங்கத்தின் பெயர், நோக்கங்கள், ஆட்சிக்குழுவினரின் பெயர், முகவரி, தொழில் ஆகியவை அடங்கிய அமைப்புக் குறிப்பும், குழுவினர் மூவர் சான்றளித்த விதிகளின் படியும் பதிவாளரிடம் கொடுக்கப்பட வேண்டும். வேண்டியது அவ்வளவே.

இச்சட்டத்தின் பயனை அறிய, பதிவு பெறாத சங்கத்தின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். சட்டத்தின் முன் அது ஒரு நண்பர் கூட்டம் மட்டுமே. அதன் பெயரில் வழக்குத் தொடுப்பது கடினம். சொத்து ஏதேனும் ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டும். அவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் உரிமை கொண்டாடக்கூடும். சங்கம் பட்ட கடனுக்காகக் குழுவினரின் சொந்த வீடு ஏலத்திற்கு வரக்கூடும். சங்கப் பணத்தைக் கையாடிய உறுப்பினரோ, 'இது எனக்கும் பங்குள்ள பணம். என் பணத்தை நானே திருடுவது எப்படி?' என்று வாதிடலாம். அக்கால ஆங்கிலச் சட்டத்தில் அவ்வாதத்திற்கு இடமும் இருந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் 1860-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்று வைத்தது. அறங்காவலரிடம் ஒப்படைக்கப்படாத சொத்து ஆட்சிக்குழுவைச் சாரும். தலைவர் அல்லது செயலாளர் பெயரில் சங்கம் வழக்காடலாம். அவர் இறந்தாலும் பதவி விலகினாலும் வழக்கு அற்றுப்போகாது. தீர்ப்பின் சுமை சங்கச் சொத்தின் மீது விழுமேயன்றி, அலுவலரின் சொந்தச் சொத்தின் மீது விழாது. பணத்தைக் கையாடிய உறுப்பினர் அந்நியரைப் போலவே தண்டிக்கப்படுவார். சந்தா மூன்று மாதத்திற்கு மேல் நிலுவையில் வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை. நோக்கங்களை மாற்ற வேண்டுமாயின், ஒரு மாத இடைவெளியில் கூடும் இரு கூட்டங்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். ஒரே நாளின் ஆவேசத்தில் ஓர் அறப்பணியைத் திசை திருப்ப இயலாது.

இச்சட்டத்தின் இதயம் பதினான்காம் பிரிவில் உள்ளது எனலாம். சங்கம் கலைக்கப்பட்டால், கடன் தீர்த்தபின் எஞ்சும் பொருளில் உறுப்பினர் எவருக்கும் பங்கு இல்லை. அது வேறொரு சங்கத்திற்கே செல்ல வேண்டும். வாணிபக் கூட்டுக்கும் அறப்பணிச் சங்கத்திற்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே. ஒருமுறை பீடத்தில் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்ற எண்ணத்தைச் சட்டம் தன் மொழியில் கூறியது.

இன்னொரு கடமையும் உண்டு. ஆண்டுதோறும் ஆட்சிக்குழுவினரின் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சிறியதாகத் தோன்றும் இக்கடமையே பிற்காலத்தில் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டது. பதிவாளருக்கோ இச்சட்டத்தில் விசாரிக்கும் அதிகாரம் ஏறக்குறைய இல்லை. அவர் பதிவேட்டைக் காப்பவர், கண்காணிப்பவர் அல்லர்.

4. சமயப் பணி அறப்பணியா?

இச்சட்டத்தின் பட்டியலில் 'அறப்பணி' உண்டு; 'சமயம்' என்ற சொல் இல்லை. 1601-ஆம் ஆண்டின் ஆங்கில அறப்பணிச் சட்டத்திலும் கோயில் கட்டடங்களைப் பழுது பார்ப்பது மட்டுமே சமயம் சார்ந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாறாயின், நற்செய்தி அறிவிப்பு அறப்பணியாகுமா?

1891-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை பெம்செல் வழக்கில் இதற்கு விடை கூறியது. 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து பணி செய்த அதே மொராவியச் சகோதரரின் சபை தொடர்பான வழக்கு அது. 1813-இல் ஒரு பெண்மணி எழுதிவைத்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதி மொராவிய மிஷனெரி பணிக்கு உரியதாயிருந்தது. அதற்கு வருமான வரி விலக்கு இல்லை என அதிகாரிகள் மறுக்கவே, சபையின் பொருளாளர் வழக்காடி வென்றார். அத்தீர்ப்பில் மக்நாட்டன் பிரபு, அறப்பணியை வறுமை நீக்குதல், கல்வி வளர்த்தல், சமயம் பரப்புதல், பொதுமக்களுக்கு நன்மை தரும் பிற பணிகள் என நான்காக வகுத்தார். காமன்வெல்த்து நாடுகளின் நீதிமன்றங்கள் இவ்வகைப்பாட்டை இன்றளவும் எடுத்தாள்கின்றன. மிகச் சிறிய மிஷனெரி சபையொன்றின் கணக்குப் புத்தகம் உலகின் சட்டச் சிந்தனைக்கு இவ்வாறு தொண்டாற்றியது.

5. விடுதலைக்குப் பின்

மிஷனெரி சங்கங்களின் சொத்துகள் இந்தியத் திருச்சபைகளின் கைக்கு வந்தபோது, அவற்றை ஏற்கும் சட்ட உடல் தேவைப்பட்டது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. அதன் சொத்துகளைக் காக்க அமைந்த அறக்காப்புக் கழகம், 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, இலாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு பெற்றது. ஆக, திருச்சபை வேறு. அதன் நிலங்களைத் தாங்கும் கழகம் வேறு. இவ்வேறுபாட்டை ஒவ்வோர் ஆயரும் அறிந்திருத்தல் நலம்.

1961-இல் தில்லி ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம் சில சிறப்புரிமைகளை உடையதேயன்றி முழுமையான கூட்டுரு ஆகாது எனத் தெளிவுபடுத்தியது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் எல்லாம் நிறைவேறிவிட்டதென எண்ணியவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் 27-ஆம் சட்டம் 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறத்தக்க நோக்கங்களுள் சமயத்தையும் அது வெளிப்படையாகச் சேர்த்தது. அதே வேளையில், கணக்குத் தணிக்கை, ஆண்டு அறிக்கை ஆகியவற்றை வற்புறுத்தி, சங்க நடவடிக்கைகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் பதிவாளருக்கு வழங்கியது. ஏட்டைக் காத்தவர் கண்காணிப்பவராகவும் ஆனார். இதனை அரசின் தலையீடு என்று நாம் குறைகூறலாம். ஆனால் நம் கணக்குகளை நாமே ஒழுங்காக வெளிப்படுத்தியிருந்தால், விசாரணைக்கு இத்துணைத் தேவை ஏற்பட்டிருக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. நாம் கற்க வேண்டியவை

பதிவு ஒரு சங்கத்தைத் திருச்சபை ஆக்காது. ஆவியானவர் கூட்டும் சபைக்குப் பதிவாளரின் முத்திரை வேண்டியதில்லை. ஆயினும் அச்சபை கையாளும் நிலமும் பணமும் இவ்வுலகச் சட்டத்திற்கு உட்பட்டவை. நல்லெண்ணத்தோடு தம் பெயரில் நிலத்தை வாங்கிய ஆயர் மறைந்தபின், அவருடைய பிள்ளைகளும் சபையாரும் நீதிமன்ற வாயிலில் எதிரெதிரே நிற்பதை நாம் கண்டதில்லையா? அதற்குக் காரணம் அவரது பேராசை அன்று. அவர் ஒத்திப்போட்ட ஒரு சிறு கடமை.

எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டு சென்றபோது, பவுல் தனியே செல்லவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரை உடன் அழைத்துச் சென்றார், கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் நேர்மை விளங்க வேண்டும் எனக் கருதினார் (2 கொரி. 8). முற்றுகையிடப்பட்ட நகரில், சிறைக்காவலில் இருந்த எரேமியா, ஆனதோத்தின் நிலத்திற்குப் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரையிட்டார், அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரே. 32). நாளை என்று ஒன்று உண்டு என நம்பியவரே பத்திரம் எழுதினார்.

ஆகவே, குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர்கள் பிரசங்கக் கலையோடு அமைப்பு விதிகளையும் படித்தறிதல் வேண்டும். ஆயர்கள் தம் பொறுப்பிலுள்ள சங்கங்களின் பதிவும் ஆண்டுப் பட்டியலும் தணிக்கையும் எந்நிலையில் உள்ளன என்பதை இவ்வாண்டே பார்த்தல் வேண்டும். சொத்துகள் எவர் பெயரில் உள்ளன என்பதையும், அப்பெயருக்குரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டறிதல் நன்று.