டிராக்டருக்குத் தம்பி: ஒரு பழைய பிக்கப்பின் பூர்வீகம்

வேப்பந்தட்டையில் இருக்கும் சித்தப்பா ஒருநாள் போன் செய்து, "டேய், ஒரு பழைய பிக்கப் பாத்து வச்சிருக்கேன், நீயும் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ" என்றார். எனக்கு வண்டி பார்க்கத் தெரியாது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் தாளையும் பொறுமையாக உட்கார்ந்து படிப்பேன் என்பதால், வீட்டில் எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் என்னைக் கூப்பிடுவது வழக்கம்.

வண்டி 2007 மாடல் மஹிந்திரா. வெள்ளைப் பெயிண்ட் மஞ்சள் பாரித்திருந்தது. தொட்டியின் தளத்தில் இரண்டு இடத்தில் துரு தின்று, கீழே தரை தெரிந்தது. கூட வந்த புரோக்கர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அண்ணே, இது டிராக்டருக்குத் தம்பி. எங்க நின்னாலும் டிராக்டர் மெக்கானிக்கே பாத்துடுவான். கம்ப்யூட்டரும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது" என்றார்.

புரோக்கர் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த "டிராக்டருக்குத் தம்பி" மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. உண்மையா, இல்லை வியாபாரப் பேச்சா? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடியதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைன், கிழக்கே அரியலூர் வழியாகப் போய்விடுகிறது. பெரம்பலூருக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. வேப்பந்தட்டை அந்த நெடுஞ்சாலையிலும் இல்லை, பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே பச்சைமலை. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், இவைதான் இந்தப் பக்கத்துக் காட்டுப் பயிர்கள். பருத்தி ஆராய்ச்சி நிலையமே வேப்பந்தட்டையில் இருக்கிறது. விளைவது எதுவானாலும் சக்கரத்தில் ஏறித்தான் வெளியே போக வேண்டும்.

சின்ன வெங்காயத்தை அறுத்து, தாளோடு பட்டறை போட்டு வைத்து, விலை வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். விலை வந்த அன்றைக்கு வண்டி வேண்டும். மாட்டுவண்டி உள்ளூர்ச் சந்தை வரைக்கும் சரி. டிராக்டர் டிரெய்லர் களத்துக்கும் காட்டுக்கும் சரி, திருச்சி காந்தி மார்க்கெட் வரை அதை உருட்டிக்கொண்டு போனால் விடிந்துவிடும். லாரிக்கு இருபது முப்பது மூட்டை பத்தாது, நாலு பேர் சரக்கு சேர வேண்டும். சரக்கைச் சேர்ப்பவர் வியாபாரி, அதனால் விலை சொல்பவரும் அவரே. ஒரு டன் அளவுக்குச் சொந்த வண்டி என்பது, இந்த இடத்தில் விவசாயிக்குப் பேரம் பேசக் கிடைக்கும் ஒரு நாள் அவகாசம். சித்தப்பா வண்டி வாங்க நினைத்ததும் அதற்காகத்தான்.

அந்த ஒரு டன் வண்டி நம் ஊர்ப் பக்கம் வந்த கதை பல கைகள் மாறிய கதை. ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தின் கூட்டோடு 1958ல் தொடங்கியது பஜாஜ் டெம்போ. அவர்களுடைய மூன்று சக்கர வண்டியும், பின்னால் வந்த மேட்டடோரும் ஓடி ஓடி, சரக்கு வேன் எதுவாக இருந்தாலும் அதை 'டெம்போ' என்று சொல்லும் பழக்கத்தை நம்மிடம் விட்டுச் சென்றன. கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது. நாம் இன்னும் "டெம்போ புடிச்சுட்டு வா" என்றுதான் சொல்கிறோம்.

1980களில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டு சேர்ந்து நான்கு இந்திய நிறுவனங்கள் இலகு ரக லாரிகளைக் கொண்டுவந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. அதற்குப் போட்டியாக டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், 1986ல் 407ஐ இறக்கியது. 2005ல் இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறனோடு டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தது.

இந்த வரிசையில் மஹிந்திரா வந்த வழியே தனி. அவர்கள் தொடங்கியது ஜீப்பில். 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றார்கள். அது பெட்ரோல் வண்டி. 1963ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடும் வோல்டாஸோடும் சேர்ந்து டிராக்டர் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் செய்த டிராக்டர் பி-275. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் இங்கிலாந்துத் தொழிற்சாலையில், 1950களின் இறுதியில் பிறந்த மாடல் அது. நாலு சிலிண்டர் டீசல். 275 என்ற எண் மஹிந்திரா டிராக்டர்களில் இன்றும் தொடர்கிறது. உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு.

அந்த டிராக்டர் எஞ்சினைத்தான் 1970களில் ஜீப்பில் தூக்கி வைத்தார்கள். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். புது டீசல் எஞ்சின் வடிவமைக்கப் பணமும் நேரமும் வேண்டும். கையிலிருக்கும் எஞ்சினோ பக்கத்துத் தொழிற்சாலையிலேயே தயாராகிறது. அப்படி வந்ததுதான் எம்.டி. 2350. பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக 2523 சி.சி. எஞ்சின் வந்தது. சித்தப்பா பார்த்த வண்டியில் இருந்தது இந்த 2523.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், எண்களே சாட்சி. 2523 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவில் யோசித்து வரைகிற எவரும் இப்படி உடைந்த எண்களை எடுக்கமாட்டார்கள். 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள். 88.9 என்பது சரியாக மூன்றரை அங்குலம். 101.6 என்பது சரியாக நாலு அங்குலம். இங்கிலாந்தில் பி-275க்கு அடுத்து வந்த பி-414 டிராக்டரின் எஞ்சின் அளவும் இதே மூன்றரைக்கு நாலுதான். பழைய 2350ன் ஓட்டமும் நாலு அங்குலம், விட்டம் மட்டும் கொஞ்சம் குறைவு. நாடு அங்குலத்தைக் கைவிட்டு மெட்ரிக்குக்கு மாறி இத்தனை வருஷம் கழித்தும், பிக்கப்பின் வயிற்றுக்குள் அங்குலம் உட்கார்ந்திருக்கிறது. புரோக்கர் சொன்னது பொய்யில்லை!

டாடா பக்கமும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. 407லும் 207 டி.ஐ. பிக்கப்பிலும் ஓடிய எஞ்சின் வரிசைக்கு 497 என்று பெயர். நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம், அவ்வளவுதான் பெயரின் ரகசியம். அவர்களுடைய பெரிய லாரி எஞ்சின் 697. ஆறு சிலிண்டர், அதே 97. 1954 முதல் 1969 வரை டெய்ம்லர்-பென்ஸோடு இருந்த கூட்டில் கற்றதன் தொடர்ச்சி அந்த லாரி எஞ்சின்கள். ஆக, மஹிந்திரா பிக்கப் டிராக்டருக்குத் தம்பி என்றால், டாடா பிக்கப் லாரிக்குத் தம்பி.

இதனால் ஊரில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிக்கப் கிராமத்துக்கு வந்தபோது, அதைப் பழுது பார்க்கும் அறிவு ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. டிராக்டரோடு வந்த மெக்கானிக், லேத் பட்டறை, போர் எடுக்கும் கடை, மைகோ பம்பைக் கழற்றி அளவு வைக்கும் பம்ப் கடை எல்லாம் பெரம்பலூரிலோ ஆத்தூரிலோ கிடைத்தன. டீசல் பம்ப் என்பது முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும் திருகும். பெங்களூரில் 1951ல் தொடங்கிய மைகோ நிறுவனம் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும், கடைப் பலகையிலும் வாயிலும் மைகோ என்றே தங்கிவிட்ட அளவுக்கு அது பழகிய பொருள்.

இதை அன்றைக்கு நேரிலேயே பார்த்தேன். சித்தப்பா கூட்டிவந்த மெக்கானிக் அண்ணன் கையில் ஸ்பானரும் ஒரு துணியும் மட்டும்தான் இருந்தன. எஞ்சின் சூடாக இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்தார். "முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தா குளிர்ல ஸ்டார்ட் ஆகுறது தெரியாது" என்றார். பிறகு புகை. கறுப்பாக வந்தால் இன்ஜெக்டர், பம்ப் பக்கம் வேலை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, மேலே உள்ளங்கையை வைத்து, எவ்வளவு காற்று முட்டுகிறது என்று பார்த்தார். அடியில் படுத்து சேஸில் வெல்டிங் வைத்த தடம் தேடினார், பின் பட்டைகளை எண்ணினார், கிராஸ் ஜாயிண்டைப் பிடித்து ஆட்டினார்.

எழுந்து வந்து சொன்னது: "எஞ்சின் பரவால்ல. தளம் புதுசா போடணும், கிளட்ச், பின் பட்டை, நாலு பிரேக்கும் பாக்கணும். வண்டி வெலையில மூணுல ஒரு பங்க ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வைங்க. அது இல்லன்னா வாங்காதீங்க."

என் பங்குக்கு நான் தாள்களைப் பார்த்தேன். சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். ஃபைனான்ஸ் கடன் அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்தக் கம்பெனியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தது. அதற்குப் படிவம் 35ம் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். லைசென்ஸ் கவலை மட்டும் குறைந்திருக்கிறது. இலகு ரக வாகன உரிமம் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017ல் சொன்னதை, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

சரி, புது வண்டி வாங்கினால் என்ன? இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுக்க வந்தது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6. புகை குறைந்தது நல்லது, அதில் மறுபேச்சில்லை. பழைய டீசல் வண்டி விடும் கரும்புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய பொலேரோ பிக்கப்பின் எஞ்சினும் அதே 2523 சி.சி. மாறியது, இரும்பைச் சுற்றியிருக்கும் மற்றவை: காமன் ரயில், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி. விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனர் மாட்ட வேண்டும். காது வைத்துக் கேட்டுப் பழுது சொன்ன மெக்கானிக்குக்கு அது புரியாமல் இல்லை. நல்ல ஸ்கேனர் விலையும், கம்பெனி தரும் மென்பொருளும் அவர் கைக்கு எட்டவில்லை. "இரும்பு எனக்குத் தெரியும் தம்பி. வயரு பேசுறதுதான் புரிய மாட்டேங்குது" என்று அவரே சொன்னார்.

அதனால் பழைய பிக்கப்பைத் தேடி வாங்குவதை வெறும் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெங்காயம் ஏற்ற வேண்டிய அன்றைக்கு வண்டி நின்றால், அன்றைக்கே ஓட வைக்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கணக்கு. ஆனால் இந்தக் கணக்குக்கு ஆயுள் குறைவு. 15 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிகளின் எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தி 2021லேயே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பழைய வண்டிகளை உடைப்புக்கு அனுப்பும் கொள்கையும் அதே வருஷம் வந்தது. தூரம் போகப் போகப் பழைய வண்டி காகிதத்தில் தோற்கும், இரும்பில் தோற்காவிட்டாலும். அப்போது ஊர்ப் பட்டறைக்கு ஸ்கேனரும் பயிற்சியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டிராக்டர் வந்தபோது ஒரு தலைமுறை அதைக் கழற்றிப் பூட்டியே கற்றுக்கொண்டது. இந்தத் தலைமுறைக்குக் கழற்றிப் பார்க்கவே விடாமல் பூட்டி வைத்தால் எப்படிக் கற்பார்கள்?

சித்தப்பா வண்டியை வாங்கிவிட்டார். கடன் பெயர் நீங்கிய பிறகே மீதிப் பணம் என்று பேசி முடித்தோம். தளத்துக்கு இரும்புத் தகடு அடித்து, கிளட்ச் மாற்றி, பிரேக் நாலும் புதுசு போட மூன்று வாரம் ஆனது. பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. "வெங்காயத்துக்குத் தெரியவா போகுது" என்கிறார்.