பாரிஸ் வரைக்கும் போன ஷூவும் எங்க ஊர் அம்மாக்களும்

காலில் போடுற ஷூவுக்காக ஒருத்தர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போவாரா? போயிருக்கார். அதுவும் நம்ம பக்கத்து ஆளு.

1873. புதுச்சேரியில் வக்கீலாக இருந்த பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய பாணி ஷூவைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள்ளே வந்தார். இந்தியன் ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வர்றது மரியாதைக் குறைவு என்று தடுத்துவிட்டார்கள். வேற யாராவதா இருந்தா வாசல்ல கழட்டி வச்சிட்டு கேஸைப் பார்க்கப் போயிருப்பாங்க. இவர் விடலை. பாரிஸில் இருந்த பிரான்சின் உச்ச நீதிமன்றத்துக்கே விஷயத்தைக் கொண்டுபோய் ஜெயித்தார். எட்டு வருஷம் கழித்து, 1881 செப்டம்பர் 21-ல், சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி செய்யும் ஆணை வந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவரும் இவர்தான். குடும்பப் பெயராக 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதுக்கு வாசல், கதவு என்று அர்த்தம். மனுஷனுக்கு நக்கலும் இருந்திருக்கு :-)

எங்க காரைக்காலும் அதே பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழே இருந்த ஊர்தான். 1739-ல் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், நடுவுல சில தடவை ஆங்கிலேயர்கிட்ட மாட்டித் திரும்பி, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அதனால இந்த ஷூ கதையில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டுன்னு பெருமையா சொல்லிக்குவேன்.

ஆனா இந்தக் கதையில் எனக்கு ஒரு கேள்வி. பொன்னுத்தம்பி பிள்ளை ஷூவுக்காகப் போராடின அதே காலத்தில், அந்தத் தெருவில் இருந்த நாற்பது, ஐம்பது வயசுப் பெண்கள் காலில் என்ன போட்டிருந்தாங்க? பெரும்பாலும் ஒண்ணும் இல்லை. உடம்புக்கு வசதியா, பார்க்க நல்லா உடுத்தணும்னு ஆசைப்பட்டா அவங்க எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

பாரிஸுக்குப் போகலாம்னு நினைச்சீங்கன்னா, அங்க நிலைமை இன்னும் மோசம். 1800 நவம்பர் 7-ம் தேதி பாரிஸ் போலீஸ் ஒரு உத்தரவு போட்டது. ஆண்களைப் போல உடுத்த விரும்பும் பெண் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் அனுமதி வாங்கணும். 1892-லும் 1909-லும் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிள் ஹேண்டில்பாரோ இருந்தால் பேண்ட் போடலாமாம்! அந்த உத்தரவுக்கு இனி சட்ட மதிப்பு இல்லை என்று பிரெஞ்சு அரசு அதிகாரபூர்வமாகச் சொன்னது 2013 ஜனவரி 31-ல். அதுக்கு ரொம்ப முன்னாடியே அது செத்துப்போன சட்டம்தான். இருந்தாலும் காகிதத்தில் 212 வருஷம் உயிரோட இருந்திருக்கு. ஒரு தமிழ் ஆணுக்கு ஷூ போடும் உரிமை கிடைத்த நாளில், தீர்ப்பு சொன்ன அதே ஊர்ப் பெண்ணுக்குப் பேண்ட் போட போலீஸ் சீட்டு வேணும்.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

உடைக்காகப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய வரலாறு தெற்கே இருக்கு. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோள்சீலை போட உரிமை கேட்டு 1822 முதல் பல கட்டமாக நடந்த போராட்டம். 1859 ஜூலை 26-ல் மகாராஜா அனுமதி கொடுத்தார். அதுலயும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாது. மூடிக்கலாம், ஆனா அழகா மூடிக்கக்கூடாது.

அடுத்தது இப்போ நாம 'பாரம்பரியம்'னு சொல்ற புடவை, ஜாக்கெட், உள்பாவாடை கூட்டணி. 1864-ல் கல்கத்தாவிலிருந்து கணவர் சத்யேந்திரநாத் தாகூரோடு பம்பாய்க்குப் போன ஞானதானந்தினி தேவிக்கு, வெளியில் போட்டுக்கொண்டு போக உடையே இல்லை. வங்காளத்தில் அப்போ வீட்டுக்குள்ள கட்டுன மெல்லிய ஒற்றைப் புடவையோட வெளிய போக முடியாது. பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, ஜாக்கெட், உள்பாவாடையோடு புடவை கட்டும் முறையை வங்காளத்தில் பரப்பினார். அதாவது அந்த உடை பிறந்ததே ஒரு பெண்ணின் வசதிக்காக. நம்ம பாட்டிகள் பின்கொசுவம் வச்சுக் கட்டின கட்டிலிருந்து இன்றைய ஆறு கஜக் கட்டுக்கு வந்ததும் இதே மாதிரி ஒரு 'நாகரிக' மாற்றம்தான். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, நேத்து ரிலீஸ் ஆன வெர்ஷனை இன்னிக்கு 'ஆதி காலத்துலேர்ந்து இப்படித்தான்'னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

எங்க பக்கத்து மாயவரத்துல கூறைநாடுன்னு ஒரு பகுதி. கல்யாணக் கூறைப்புடவைக்குப் பேர் போன இடம். கட்டம் போட்ட, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவை அது. கலப்பு நூல்ங்கறதால முழுப்பட்டு மாதிரி உடம்பைப் புழுக்காது. கடற்கரைப் புழுக்கத்துல வாழறவங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கும். நாகப்பட்டினம் வழியா சிங்கப்பூர் வரைக்கும் 'ரஜுலா' கப்பல் ஓடின காலத்துலயும் அதுக்கப்புறமும் வெளிநாட்டு நைலான் புடவை மேல ஒரு மோகம் வந்துச்சு. துவைச்சா உடனே காயும், இஸ்திரி வேண்டாம், கசங்காது. வேலை மிச்சம், ஆனா வியர்வை உள்ளேயே நிக்கும். வசதிங்கறது எப்பவும் இப்படித்தான், ஒண்ணு கொடுத்தா ஒண்ணு போகும்.

அப்புறம் வந்தாள் மகராசி, நைட்டி!

பேர்தான் நைட்டி, ராத்திரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நடுவயசுப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே வாங்கிக்கிட்ட முதல் சுதந்திரம் அதுதான்னு நான் நினைக்கிறேன். இடுப்பு இறுக்கம் இல்லை, கொசுவம் இல்லை, சில மாடல்ல பாக்கெட் கூட உண்டு. பால் வாங்க, கோலம் போட, பஸ்ஸுக்குப் பிள்ளையை ஏத்திவிட, தோள்ல ஒரு துண்டைப் போட்டா போதும். எல்லாரும் கிண்டல் பண்ணுவோம், ஆனா அது ஒரு பெரிய புரட்சி. புரட்சி இல்லைன்னா ஏன் தடை போடணும்? 2018-ல் ஆந்திராவில், மேற்கு கோதாவரி மாவட்டத்து தோக்கலப்பள்ளி கிராமத்தில், காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி போடக்கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்க முடிவு பண்ணாங்க. மீறினா 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தா 1,000 ரூபாய் சன்மானம். 1800-ல் பாரிஸ் போலீஸ் பண்ணின வேலையை 2018-ல் ஒரு கிராமம் பண்ணுச்சு. லுங்கி கட்டிக்கிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைக்கு ஏதாவது அபராதம் உண்டான்னு கேக்காதீங்க.

இதெல்லாம் சின்ன விஷயம், பொழுதுபோகாம எழுதறான்னு தோணலாம். ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, உள்பாவாடை நாடா. நம்ம வீட்டுப் பெண்கள் பலருக்கு இடுப்பைச் சுத்தி கறுப்பா ஒரு தழும்பு இருக்கும். 2024-ல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' என்ற மருத்துவ இதழில் இரண்டு வயதான இந்தியப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். வருஷக்கணக்கில் இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் ஏற்பட்ட உராய்வு ஆறாத புண்ணாகி, கடைசியில் தோல் புற்றுநோயாகவே மாறியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி வரும்னு இல்லை, ரொம்ப அபூர்வம். ஆனா அந்த நாடாவை இறுக்காம, அகலமான பட்டையா மாத்தினாலே போதும்ங்கறது ஒரு தையல்காரர் அரை மணி நேரத்துல முடிக்கிற வேலை.

ரெண்டாவது, 2004 டிசம்பர் 26. காரைக்கால் கடற்கரைக் கிராமங்களில் அன்னிக்கு நடந்ததை நான் விவரிக்க வேண்டாம். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் அரசுக் கணக்குப்படி இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்று ஆக்ஸ்ஃபாம் 2005-ல் எழுதிய அறிக்கையில் இருக்கு. பெண்கள் ஏன் அதிகம்? படகு வருமென்று மீனுக்காகக் கரையில் காத்திருந்தாங்க, பிள்ளைகளைத் தூக்க ஓடினாங்க, நீச்சலோ மரம் ஏறுவதோ அவங்களுக்குச் சொல்லித்தரப்படலை. முக்கியமான காரணங்கள் இவைதான். கூடவே, நனைந்த புடவை காலைச் சுத்திக்கிச்சு, முள்ளுல மாட்டிக்கிச்சுன்னு தப்பிச்ச பெண்கள் சொன்னதும் பதிவாகியிருக்கு. மீன் கூடை தூக்குறவங்கள்ல பாதிப்பேர் நாப்பது தாண்டினவங்க. ஓட முடியுற உடைங்கறது ஃபேஷன் இல்லைங்க.

சரி, கால். முழுக்க ஷூவை வச்சு ஆரம்பிச்சிட்டு காலை விட்டா எப்படி?

நாப்பதுக்கு மேல குதிகால் வலி வராத பெண்ணைப் பார்ப்பது கஷ்டம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுரீர்னு வரும். டாக்டர்கிட்ட போனா எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கங்கம்பார். அந்தச் செருப்புக்கும் ஒரு நல்ல வரலாறு இருக்கு. உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வராமல் இருக்க, வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்காக மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் உழைத்ததில் வந்த மெத்து ரப்பர் அது. அப்புறம் சர்க்கரைக்காரங்களுக்கு வந்து, இப்போ குதிகால் வலிக்காரங்க வரைக்கும் வந்தாச்சு. ஒரே குறை, பார்க்க ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கும். 'இதைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போக முடியுமாடா?' என்பது எங்கம்மாவின் கேள்வி. நியாயம்தானே? வசதி வேணும்னா அழகைத் துறக்கணும்னு யார் சொன்னது?

அம்மாவுக்கு ஷூ வாங்கும்போது இன்னொரு பிரச்சினை வந்துச்சு. நீளம் சரியா இருந்தா அகலம் பத்தலை. அகலத்துக்காகப் பெரிய சைஸ் வாங்கினா குதிகால் நழுவுது. கடைக்காரர், 'அவங்க கால் அப்படிங்க' என்றார். உண்மையில் கால் மேல தப்பு இல்லை. நாம வச்சிருக்கிறது வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு முறை. அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. இதை வச்சு 'பா' என்ற பெயரில் (பாரத்தின் முதல் எழுத்து) ஒரு புது அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை ஷூவுக்காக வாதாடி ஏறத்தாழ 150 வருஷம் கழிச்சுத்தான் நம்ம காலை ஒழுங்கா அளந்திருக்கோம்! இத்தனைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஐரோப்பாவுக்கு ஷூ தைச்சு அனுப்புறதுல பெரும்பகுதி நம்ம பெண்கள்தான்.

அதுவரைக்கும் அம்மாவுக்கு வாங்கப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது: சாயங்காலமா போங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கி நிஜ அளவுல இருக்கும். அகலமான முன்பக்கம், பின்னால பட்டி, தட்டையா இல்லாம லேசான உயரம் பாருங்க. புடவைக்கு ஷூ போட்டா கொசுவத்தை ஒரு அங்குலம் தூக்கிக் கட்டினா தடுக்காது. நிறம் அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். 'இந்த வயசுக்கு பிரவுன்தான் எடுப்பா இருக்கும்'னு நீங்க சொல்லாதீங்க.

அரசாங்கமும் மெல்ல வழிக்கு வந்திருக்கு. 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை உத்தரவில் பெண்களுக்குப் புடவையோடு சுடிதாரும் (துப்பட்டாவோடு) இருக்கு. ஆனா காகிதத்தைவிடப் பெரிய கோர்ட் எதிர் வீட்டுத் திண்ணை. எங்க ஊர்ல பிரான்சில் இருந்து லீவுக்கு வரும் அத்தைமார்களைக் கவனிச்சிருக்கேன். அங்க பேண்ட், ஷூ, கோட்டுன்னு மெட்ரோவுல ஓடுறவங்க, இங்க வந்து இறங்கும்போது பட்டுப்புடவையில்தான் இறங்குவாங்க. பிரெஞ்சுச் சட்டத்துக்குப் பயம் இல்லை, நம்ம தெருவுக்குப் பயம்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். ஒரு ஆணின் ஷூவுக்கு வருஷம், கோர்ட், பேரு எல்லாம் வரலாற்றுல இருக்கு. நம்ம அம்மாக்கள் முதன்முதலா செருப்பு போட்டது, நைட்டிக்கு மாறினது, சுடிதார் போட்டுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போனது எதுக்கும் தேதி கிடையாது. தீர்ப்பு எதுவும் இல்லாம, எதிர் வீட்டுப் பார்வையைத் தாண்டி, தனித்தனியா ஒவ்வொருத்தரா ஜெயிச்ச வழக்குகள் அதெல்லாம். யாரும் எழுதி வைக்கலை.

அதனால ஒரு வேண்டுகோள் மக்கா. உங்க வீட்டு அம்மா, அத்தை, சித்தி, பெரியம்மாகிட்ட கேளுங்க. முதல் செருப்பு எந்த வருஷம்? முதல் சுடிதார் எப்போ? யார் என்ன சொன்னாங்க? அதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க? பின்னூட்டத்துல ஊர் பேரோட எழுதுங்க. பேர் வேண்டாம், வருஷம் போதும்.

டிஸ்கி: 'ஆம்பளைக்கு எதுக்குய்யா இந்த ஆராய்ச்சி'ன்னு வரப்போற அனானி அண்ணாச்சிக்கு முன்கூட்டியே பதில்: இன்னிக்கு ஷூவோட ஆபீசுக்குள்ள போனீங்கல்ல, அது ஒரு வக்கீல் பாரிஸ் வரைக்கும் போய் வாங்கின விஷயம். ஞாபகம் இருக்கட்டும் :-)